பாதி தணிந்த மனச்சோர்வும் அதன் குறியீடும்

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மனநல மருத்துவர் யூஜின் பேக்கலும் அவருடைய குழுவினரும், கடும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களைப் பதினைந்து மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வு 1995இல் வெளியானது. சிகிச்சைக்குப் பிறகும் சில அறிகுறிகள் மிச்சமிருந்தவர்கள் 17 பேர். அவர்களில் 13 பேர் மறுபடி நோயில் விழுந்தார்கள். மிச்சம் எதுவும் இல்லாத 40 பேரில் அப்படி விழுந்தவர்கள் 10 பேர். விழுந்தவர்கள் எல்லோருமே முதல் பத்து மாதங்களுக்குள் விழுந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அடுத்து வந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையில்தான் கைகாட்டின. நன்றாகத் தூங்காதவர், எளிதில் களைத்துப்போகிறவர், வேலைக்குப் போனாலும் மனம் ஒட்டாதவர், ‘இப்போ பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் ஆகிய இவர்களிடம்தான் நோய் திரும்பிவரும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்த நிலையைத்தான் மருத்துவம் பகுதித் தணிவு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு இதற்குத் தெளிவான எல்லை வகுத்திருக்கிறது. கடும் மனச்சோர்வுக் கட்டம் என்று சொல்ல, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரங்களுக்குச் சேர்ந்து இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருப்பது கட்டாயம். சிகிச்சையில் அந்த எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இறங்கியும் சில அறிகுறிகள் நீடித்தால் அது பகுதித் தணிவு. அறிகுறிகள் அனைத்தும் மறைந்து இரண்டு மாதம் நிறையாவிட்டாலும் அது பகுதித் தணிவுதான். அந்த இரண்டு மாதம் கடந்தால்தான் முழுத் தணிவு. ஆகவே இந்த நிலையைப் பதிவுசெய்ய, என்ன மிச்சமிருக்கிறது என்பதும் எப்போதிலிருந்து என்பதும் தெரிந்தாக வேண்டும். எதிரில் இருப்பவரைக் கேட்காமல் இவ்விரண்டையும் யாரும் எழுதிவிட முடியாது.

இதற்கு அமெரிக்காவில் உள்ள குறியீடு எஃப்33.41. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் எஃப்33 என்பது திரும்பத் திரும்ப வரும் கடும் மனச்சோர்வைக் குறிக்கும். புள்ளிக்குப் பிறகு வரும் 4 நோய் தணிந்திருப்பதைச் சொல்லும். கடைசி இலக்கம் 0 என்றால் தணிவு எந்த அளவு என்று எழுதப்படவில்லை. 1 என்றால் பகுதி. 2 என்றால் முழுமை. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10இல் இந்தக் கடைசி இலக்கமே கிடையாது. அதில் எஃப்33.4 ஒன்றுதான் இருக்கிறது. அதன் விளக்கமோ பல மாதங்களாக அறிகுறியே இல்லாதவரைத்தான் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றிய நாடுகளில் பாதி தேறியவருக்கென்று ஓர் இடம் இல்லை. மருத்துவர் அவரை லேசான சோர்வுக் கட்டத்தில் இருப்பவர் என்று எழுத வேண்டும், இல்லையேல் குணமானவர் என்று எழுத வேண்டும். 2019இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11தான் இந்த விடுபடலைச் சரிசெய்தது. அதில் 6ஏ71.6 என்பது திரும்ப வரும் மனச்சோர்வின் பகுதித் தணிவு, 6ஏ71.7 முழுத் தணிவு.

ஐசிடியின் வேர் 1893இல் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல். மனநோய்களுக்கென்று தனிப் பிரிவு அதில் சேர்ந்தது 1948இன் ஆறாம் பதிப்பில்தான். செத்தவர்களை எண்ண உருவான பட்டியலுக்கு, உயிரோடு நடமாடிக்கொண்டு பாதி குணமாகி இருப்பவரைச் சொல்லும் தேவை பிந்தியே எழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

எஃப்33.41 என்ற இந்தக் குறியீட்டைக் கணினியில் பதிகிறவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சென்னை, கோவை, திருச்சி நகரங்களின் மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில், மருந்தியல், செவிலியம், இயன்முறை மருத்துவம், உயிரியல் படித்த இளைஞர்கள் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளை நாள் முழுக்க வாசிக்கிறார்கள். நோயாளியை அவர்கள் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அவர்கள் முன்னால் இருப்பது மருத்துவர் கையொப்பமிட்ட குறிப்பு ஒன்றுதான். அதில் எழுதியிருப்பதைக் குறியீடாக்கலாம். எழுதாததை ஊகிக்கக் கூடாது. இந்தத் தொழிலின் முதல் விதியே இதுதான். தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கறாரான விதி என்று தெரிவதில்லை.

விளக்கத்துக்காக நானே எழுதிப் பார்த்த ஒரு மாதிரிக் குறிப்பு இது: ‘டிப்ரஷன், ஸ்டேபிள், செர்ட்ரலின் தொடரவும்.’ அமெரிக்க முதல்நிலை மருத்துவமனைகளின் சார்ட்டுகளில் இந்தச் சாயலில் எழுதப்பட்டவற்றை எந்த கோடரும் பார்த்திருப்பார். இதில் நோய் எத்தனையாவது முறை வந்தது என்று இல்லை. கடுமை இல்லை. ஸ்டேபிள் என்றால் தணிந்து நிலையாக இருக்கிறாரா, அதே துயரத்தில் மாறாமல் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. இதற்குக் கொடுக்கக்கூடிய குறியீடு எஃப்32.ஏ. விவரம் சொல்லப்படாத மனச்சோர்வுக்கென்று 2021 அக்டோபர் முதல் சேர்க்கப்பட்ட குறியீடு அது. நோயாளி மூன்று முறை விழுந்து எழுந்தவராக இருக்கலாம். ஒருமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவராகவும் இருக்கலாம். அந்த வரலாறு முழுவதும் இந்தக் குறியீட்டில் காணாமல் போகும்.

அதே நோயாளியைப் பற்றி இப்படியும் எழுதலாம்: ‘திரும்ப வரும் கடும் மனச்சோர்வு, மூன்றாவது கட்டம். இப்போது பகுதித் தணிவு. பிஎச்க்யூ-9 மதிப்பெண் மார்ச்சில் 17, இன்று 8. மனநிலை மேம்பட்டிருக்கிறது, அதிகாலை விழிப்பும் களைப்பும் நீடிக்கின்றன. தற்கொலை எண்ணம் இல்லை. செர்ட்ரலின் 100 மில்லிகிராம் தொடரும், உளவியல் சிகிச்சைக்குப் பரிந்துரை, ஆறு வாரத்தில் மறுபார்வை.’ முந்தைய குறிப்பைவிட இதை எழுத இரண்டு நிமிடம் கூடுதலாகலாம். கோடருக்கு எஃப்33.41 என்பதில் ஐயமே வராது. அதைவிட முக்கியம், ஆறு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் இதைத் திறந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே பல குழிகள் உண்டு. ‘மனச்சோர்வு வரலாறு உண்டு’ என்று எழுதிவிட்டு அதற்கே மாத்திரையும் தொடரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கோடிங் விதிப்படி வரலாறு என்பது முடிந்துபோன நோய், அது இசட்86.59 என்ற பழங்கதைக் குறியீட்டுக்குப் போய்விடும். ‘திரும்ப வரும் கடும் மனச்சோர்வு, ரெமிஷனில் இருக்கிறார்’ என்று மட்டும் எழுதினால் எஃப்33.40. மருந்துப் பட்டியலில் செர்ட்ரலின் இருக்கிறது என்பதற்காக நோயை ஊகிக்கக் கூடாது. அதே மருந்து பதற்றத்துக்கும் பீதிக் கோளாறுக்கும் தரப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ உள்ளிட்ட நோய்ப் பட்டியல் வரி ஒவ்வொரு வருகையிலும் நகலாகி வந்துகொண்டிருக்கும். அன்றைய குறிப்பில் அதைப் பற்றி மருத்துவர் ஒன்றும் சொல்லாதவரை அது வெறும் எச்சம்.

பிஎச்க்யூ-9 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிட்சர், குரோன்கி, வில்லியம்ஸ் மூவரும் உருவாக்கி 2001இல் அதன் செல்லுபடித்தன்மை ஆய்வு வெளியான மனச்சோர்வை அளக்கும் இந்த ஒன்பது கேள்விப் படிவத்தில் மொத்தம் 27 மதிப்பெண்கள். 5, 10, 15, 20 என்பவை படிநிலைகள். 5க்குக் கீழே வந்தால் தணிவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 8 என்று பார்த்ததும் ‘பகுதித் தணிவு’ என்று கோடர் முடிவுகட்டத் தோன்றும். கூடாது. எண் மருத்துவருக்கான தடயம். நோயறிதல் அவர் வாயிலிருந்து வர வேண்டும். இந்தக் கட்டுப்பாடு சரியானதே என்பது என் கருத்து. கூட்டுத்தொகை பல விஷயங்களை மூடிவிடும். ஒருவருக்கு 6 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறும் தூக்கத்திலும் பசியிலும் இருக்கலாம். ஒன்பதாவது கேள்வியில், அதாவது இறந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தைப் பற்றிய கேள்வியில், அதில் ஒரு பங்கு இருக்கவும் கூடும். இரண்டும் ஒரே 6தான். இந்த வேறுபாட்டைப் படிவத்தை எடுத்துப் பார்த்து மருத்துவர்தான் வாக்கியமாக எழுத வேண்டும்.

குறிப்பு தெளிவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்கலாம், க்வெரி என்பார்கள். அதற்கும் ஒழுக்க விதிகள் உண்டு. ‘இதைப் பகுதித் தணிவு என்று எழுதலாமா?’ என்று விடையை ஊட்டும் கேள்வி கூடாது. குறிப்பில் உள்ள தடயங்களைக் காட்டி, பொருந்தக்கூடிய சில தேர்வுகளைத் தந்து, ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்ற இரண்டு கதவுகளையும் திறந்து வைக்க வேண்டும். இந்தக் கேள்வியால் எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சே அதில் வரக் கூடாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் குறியீட்டின் கதை முடியாது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில், நோயாளியின் நோய்களைக் கணக்கிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு பணம் தருகிறது. நோய்கள் எச்சிசி எனப்படும் தொகுதிகளில் அடங்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எடை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த ஆண்டில் ஒருமுறையாவது நேருக்கு நேர் பார்த்து எழுதிய குறிப்பு இல்லையென்றால் நாள்பட்ட நோயும் கணக்கில் இல்லாததாகிவிடும். இந்தக் கணக்கு முறையின் 24ஆம் பதிப்பில் கடும் மனச்சோர்வு 59ஆம் தொகுதியில் இருந்தது. வீட்டில் வாழும் முதியவருக்கு அதன் எடை 0.309, சராசரி நோயாளிக்குரிய தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கடுமையான கட்டத்தில் இருப்பவருக்கும் பகுதித் தணிவில் இருப்பவருக்கும் முழுவதும் குணமானவருக்கும் அந்த ஒரே எடைதான். ஆகவே எஃப்33.41க்கும் எஃப்33.42க்கும் இடையிலான வேறுபாடு பணக்கணக்கில் எந்த மாற்றத்தையும் தரவில்லை. கோடிங் துறை முழுவதும் இந்த நோயைத் தேடித் தேடிப் பதிந்த காலம் அது. அமெரிக்க மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கையாளர்கள் கடும் மனச்சோர்வை ஐயத்துக்குரிய பதிவுகளில் ஒன்றாக வைத்தார்கள். ஆண்டில் ஒரே ஒரு கோரிக்கையில் மட்டும் இந்நோய் இருந்து, மனச்சோர்வு மருந்து எதுவும் வாங்கப்படவில்லை என்றால் அந்தச் சார்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வலை நியாயமானதே. ஆனால் மாத்திரை இல்லாமல் உளவியல் சிகிச்சை மட்டும் பெறுகிறவரும் அதில் சிக்குவார். குறிப்பில் அந்தச் சிகிச்சை எழுதப்பட்டிருந்தால்தான் தப்புவார்.

2024இல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த 28ஆம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. 155ஆம் தொகுதியில் மிதமான, கடுமையான மனச்சோர்வுகள் மட்டும் நின்றன. லேசானது, கடுமை குறிப்பிடப்படாதது, பகுதித் தணிவு, முழுத் தணிவு எல்லாம் வெளியேற்றப்பட்டன. மிகைப்பதிவைத் தடுக்க எடுத்த நடவடிக்கை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பேக்கலின் 17 பேரை நினைத்தால் என்னால் இதை முழுதாக ஏற்க முடியவில்லை. மறுபடி விழ வாய்ப்பு மிக அதிகமுள்ளவர் முழுவதும் குணமானவரோடு சேர்த்து வைக்கப்பட்டு, இருவருக்கும் பூஜ்யம் தரப்படுகிறது. இதன் விளைவாக இரண்டு தீமைகள் வரலாம். எடை இல்லாத குறியீட்டை எழுத யாரும் நேரம் செலவிடாமல், மீண்டும் ‘டிப்ரஷன், ஸ்டேபிள்’ என்ற வரிக்கே குறிப்புகள் திரும்பலாம். அல்லது தேறிக்கொண்டிருக்கும் நோயாளியின் பெயரில் ‘மிதமான கட்டம்’ என்று எழுதும் சபலம் வரலாம். முதலாவது அலட்சியம், இரண்டாவது பொய். இரண்டிலுமே நோயாளியின் உண்மை நிலை பதிவிலிருந்து மறைந்துவிடும். அதனால் ஒரு கோடர் தன் டீம் லீடிடம் ‘இந்தச் சார்ட்டில் மிதமானது என்று எழுதியிருக்கிறது, ஆனால் கீழே மதிப்பெண் 6, வேலைக்கும் போகிறார்’ என்று சுட்டிக்காட்டுவதை நான் மிகவும் மதிக்கிறேன். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லாவிட்டாலும் முரண்பாட்டைக் கண்டு கேட்கும் கடமை அவருக்கு உண்டு.

இவ்வளவு பேசுவதற்குக் காரணம், இந்த நிலைக்கென்றே சோதிக்கப்பட்ட சிகிச்சை இருப்பதுதான். மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிச்சமிருந்த 158 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு அறிவுசார் உளவியல் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார் அதே பேக்கல். முடிவு 1999இல் வெளியானது. 68 வாரங்களில் மறுபடி விழுந்தவர்கள் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 47 சதவீதம். உளவியல் சிகிச்சை சேர்ந்த குழுவில் 29 சதவீதம். சிகிச்சைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அந்த ஆய்வாளர்கள் முதலில் செய்தது என்ன? யாருக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுக் குறித்தது. குறிக்கப்படாதவர்களுக்குச் சிகிச்சையைச் சேர்க்க வழியே இல்லை. தணிவு என்று மதிப்பெண்ணால் முடிவுசெய்யப்பட்டவர்களுக்கும் மிச்சம் இருக்கிறது என்பதை அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வு காட்டியது. அதன் முதல் கட்டத்தில் சிட்டலோப்ராம் மருந்து எடுத்துத் தணிவு அடைந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் ஏதாவது ஓர் அறிகுறியாவது எஞ்சியிருந்தது.

நம் ஊர்க் காட்சி வேறு. இங்கே குறியீட்டால் பணம் வருவதில்லை. ஆகவே மிகைப்பதிவு பிரச்சினை இல்லை. பிரச்சினை பதிவே இல்லாமை. அரசு மருத்துவமனையின் ஓபி சீட்டிலோ நோயாளி கையில் கொண்டுவரும் நோட்டிலோ மனநல மருத்துவர் எழுதும் வரி பெரும்பாலும் ‘பெட்டர், சிஎஸ்டி’ என்பதுதான். அதே சிகிச்சையைத் தொடரவும் என்பதற்கான சுருக்கம் அது. வரிசையில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த மருத்துவரைக் குறைசொல்ல மனம் வராது. ஆனாலும் ‘பெட்டர்’ என்பது எவ்வளவு பெட்டர் என்ற கேள்வி அடுத்த முறை வேறொரு மருத்துவர் அந்த நோட்டைத் திறக்கும்போது அப்படியே நிற்கும். மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று அவர் முடிவெடுப்பது அந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயைத் தீர்மானிக்கும்போது ஐசிடியின் அண்மைப் பதிப்பு உட்பட அங்கீகரிக்கப்பட்ட தரங்களைப் பின்பற்றச் சொல்கிறது. அண்மைப் பதிப்பு என்றால் இன்று ஐசிடி-11. அதில் பகுதித் தணிவுக்கு இடம் இருக்கிறது. மருத்துவமனைகளில் இன்னமும் பரவலாகப் புழங்குவது ஐசிடி-10. மாற்றம் நடக்கும்போது குறியீட்டை மட்டும் மாற்றினால் போதாது. கேஸ் ஷீட்டில் மூன்று வரிக்கு இடம் விட வேண்டும்: இது எத்தனையாவது கட்டம், எந்த அறிகுறி மிச்சம், எப்போதிலிருந்து. இதை மருத்துவரேதான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. செவிலியரோ சமூகப் பணியாளரோ உளவியலாளரோ வரிசையில் காத்திருக்கும்போதே கேட்டுக் குறித்து வைக்கலாம். மருத்துவர் சரிபார்த்துக் கையொப்பமிடலாம்.

எழுதுவதில் நோயாளிக்கு அச்சம் உண்டு. திருமணப் பேச்சு, வேலை, காப்பீடு எல்லாவற்றிலும் இது கேட்கப்படும் என்று அவர் நினைக்கிறார். நினைப்பதில் தவறும் இல்லை. ‘டாக்டர், இதை நோட்டில எழுதாதீங்க’ என்பது நம் மனநல மருத்துவர்களுக்குப் பழகிய வேண்டுகோள். சட்டம் இதற்குச் சில பதில்கள் வைத்திருக்கிறது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைக்கோ நாளைக்கோ ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கப் போதாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. 21ஆம் பிரிவு காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமான இடத்தைக் கோருகிறது. 23ஆம் பிரிவு தகவலைக் காக்கச் சொல்கிறது. தன் பதிவைத் தானே பார்க்கும் உரிமையை 25ஆம் பிரிவு தருகிறது. பதிவைப் பார்க்கும் அந்த உரிமையைச் சிகிச்சை அறையிலேயே பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். மருத்துவர் தான் எழுதியதை நோயாளியிடம் வாசித்துக் காட்டி, ‘தூக்கம் மட்டும்தானா, வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?’ என்று கேட்க வேண்டும். விடுபட்டதைச் சொல்லவும், எழுத வேண்டாம் என்றால் ஏன் என்று பேசவும் நோயாளிக்கு அப்போது இடம் கிடைக்கும். மனைவியோ கணவரோ அம்மாவோ கூட வந்திருந்தால், நோயாளியின் சம்மதத்தோடு அவர்களையும் கேட்கலாம். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே.